கைச்சாட்சி

ஜனவரி 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நானும் உன் அக்காவும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. உன் வயிறு எப்படி இருக்கிறது?

கடிதத்தைப் பார்த்து ஆச்சரியப்படாதே. போனில் பேசினால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ சிரித்துவிடுகிறாய். 'பட்டறை'யில் எழுதினால் நம் குடும்பச் சண்டையை முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் வேடிக்கை பார்ப்பார்கள். தாளில் எழுதினால் கடைசி வரி வரைக்கும் நீ படித்துத்தான் ஆகவேண்டும்.

இணையத்தில் 'பட்டறை' என்று ஒரு மன்றத்தை நாங்கள் நாலு பேர் தொடங்கியது எதற்கு? தமிழில் தொழில்நுட்பம் எழுத ஒரு இடம் வேண்டும் என்பதற்கு. நான் கல்லூரி வாசலை மிதிக்காதவன். யூ.பி.எஸ். பழுதுபார்க்கும் கடை வைத்து, எரிந்துபோன பலகைகளைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டவன். அப்படிக் கற்றதைத்தான் எழுதுகிறேன். போன வாரம் 'மின்கலம் ஏன் சாகிறது' தொடரின் ஒன்பதாம் பாகத்தை வெளியிட்டேன். காலையில் முகப்பில் இருந்தது. மதியம் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் காணோம். அந்த இடத்தில் உன் கட்டுரை. சூட்கேஸ் வாடகைக்குக் கொடுக்கும் புதுக் கம்பெனியாம். முதலாளி அலுவலகத்தில் செருப்பில்லாமல் நடக்கிறானாம். முதலீட்டாளரோடு லிஃப்டில் மாட்டிக்கொண்டு, அங்கேயே ஒப்பந்தம் பேசி முடித்தானாம். இதில் தொழில்நுட்பம் எங்கே இருக்கிறது? லிஃப்டிலா?

பெயின்ட் கம்பெனி விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராகச் சுற்றிய நீ ஓய்வு பெற்றதும், பொழுது போகட்டும் என்று உன்னைப் 'பட்டறை'யில் சேர்த்துவிட்டதே நான்தான். என் புத்தியை என்ன சொல்வது!

சாப்பாட்டு மேசையில் உன் அக்கா அந்தக் கட்டுரையைப் போனில் வைத்துக்கொண்டு, "ஏங்க, இதைக் கேளுங்களேன். லிஃப்ட் கதவு திறந்தப்ப ரெண்டு பேரும் சூட்கேஸ் மேல பேப்பரை வச்சுக் கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தாங்களாம்!" என்கிறாள்.

"எனக்கு வேலை இருக்கு."

"சாப்பிடறதை விட்டா இப்ப என்ன வேலை?"

சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது. என் ஒன்பது பாகங்களில் ஒன்றையாவது படித்தாயா என்று நான் அவளைக் கேட்கவில்லை. கேட்கும் வழக்கம் இல்லை.

இதைப் பொறாமை என்று எடுத்துக்கொள்ளாதே. என் வயதில் எனக்கென்ன பொறாமை? இது கொள்கை. கம்பெனிக் கதைகளை முகப்பிலிருந்து எடுத்துப் பின்னறைக்கு மாற்ற வேண்டும் என்று தீர்மானம் கொடுத்திருக்கிறேன். நம் நிர்வாகி டீச்சரம்மா ஏப்ரல் கடைசியில் வாக்கெடுப்பு என்று சொல்லிவிட்டார். அடுத்தவர் சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்வது முறை.

காரத்தைக் குறை. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அத்தான்

*

ஜனவரி 29

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

வயிறு சமாதானமாக இருக்கிறது. உங்கள் முழங்காலின் கட்சிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கடைசி வரி வரைக்கும் படித்தேன். சிரிக்காமல் படித்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை.

அத்தான், உங்கள் கட்டுரைதான் சரக்கு. என்னுடையது கடைக்கு வெளியே தொங்கும் பலகை. பலகையைப் பார்த்து உள்ளே வருகிறவன், கை நீட்டி எடுப்பது உங்கள் சரக்கைத்தான். பலகையைப் பின்னறையில் மாட்டச் சொன்னால் எப்படி? புதிதாக ஒரு பொருளைச் செய்து ஊருக்குக் கொண்டுவருகிறவர்களின் பாடும் தொழில்நுட்பத்தில் சேராதா? ஒரு கருவி ஏன் ஓடுகிறது என்று நீங்கள் சொல்கிறீர்கள். அதை ஒருவன் ஏன் செய்தான் என்று நான் சொல்கிறேன். இரண்டும் வேண்டாமா?

அது இருக்கட்டும். அக்கா நேற்று பஸ் நிறுத்தத்திலிருந்து போன் செய்தாள். மூச்சு வாங்கியது. இஸ்திரிப் பெட்டியை அணைத்தோமா என்று சந்தேகம் வந்து பாதித் தெருவிலிருந்து திரும்பி, மூன்று மாடி ஏறி, பார்த்துவிட்டு வந்தாளாம். தினமும் இப்படித்தானா? அவள் என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நீங்கள் கொஞ்சம் பாருங்கள்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது.

உங்கள் மைத்துனன்

*

பிப்ரவரி 14

மாப்பிள்ளைக்கு,

இங்கே குறையில்லை. ஒத்தடம் கொடுத்தேன், பலனில்லை.

பலகை, சரக்கு என்று பெயின்ட் டப்பா விற்கிற மாதிரி என்னிடம் பேசாதே. 'பட்டறை'யின் கைச்சாட்சி விதியை எழுதியது யார்? நான். எவனோ எங்கிருந்தோ பார்த்துக் காப்பியடித்து எழுதிய குறிப்பை நம்பி, ஒரு பையன் மின்கலத்தைத் திறந்து விரலைச் சுட்டுக்கொண்டபோது எழுதினேன். அன்றிலிருந்து எந்தத் தொழில்நுட்பக் கட்டுரையானாலும், இன்னொரு உறுப்பினர் அதைத் தன் கையால் செய்து, அடியில் 'செய்து பார்த்தேன்' என்று சாட்சி எழுதினால்தான் முகப்புக்கு வரும். நீ வந்த பிறகு உனக்காக ஒரு சலுகை. கம்பெனியைப் பற்றி எழுதுகிறவர் நேரில் போயிருந்தால் போதும், 'போய்ப் பார்த்தேன்' என்று தானே எழுதிக்கொள்ளலாம். போனால் ஆயிற்றா? போய் டீ குடித்துவிட்டு வருவதெல்லாம் சாட்சியா? நீ போய்ப் பார்த்த கம்பெனிகளில் பாதி இப்போது பூட்டிக் கிடக்கின்றன.

விதியின் மறுபாதியையும் ஞாபகம் வைத்துக்கொள். பொய்ச் சாட்சி எழுதியவர் யாராக இருந்தாலும், அதுவரை அவர் எழுதிய அத்தனையும் நீக்கப்படும். எனக்கு அந்தப் பயம் இல்லை. என் எழுத்தில் ஒரு திருகாணிகூட நான் முடுக்காதது கிடையாது.

உன் அக்கா விஷயம். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள், தினமும் காலையில் மேல்கோட்டை இஸ்திரி போட்டால்தான் அவளுக்கு மனசு ஆறும். போட்டுவிட்டு இறங்குவாள். தெருமுனை வரை போவாள். திரும்பி வருவாள். "என்னென்னமோ செய்யறீங்க. பொட்டி அணைஞ்சிருக்கான்னு தெருமுனையிலேயே எனக்குச் சொல்ற மாதிரி ஒண்ணு செய்யக் கூடாதா?" என்று வருஷக்கணக்காகக் கேட்கிறாள். நானும் வருஷக்கணக்காகச் சொல்கிறேன்: "ஸ்விட்சைக் கண்ணால பாரு, போதும்." இது மின்சாரக் கோளாறு இல்லை, மனக் கோளாறு. அதற்கு என்னிடம் உதிரிப்பாகம் கிடையாது.

கடைசியாக ஒன்று. நீ எழுதுகிற மாதிரி எழுத ஒரு மதியம் போதும். நான் எழுதுகிற மாதிரி எழுத ஒரு ஆயுள் வேண்டும்.

அத்தான்

*

பிப்ரவரி 25

அத்தானுக்கு வணக்கம்.

நான் நலம். அக்கா நலம் என்று நீங்கள் எழுதியிருப்பதால் நம்புகிறேன்.

ஒரு மதியம் போதும் என்றீர்களே, ஒரு மதியம் உட்காருங்களேன். எனக்கும் கை குறைச்சல். கம்பெனிக் கட்டுரைகளை முகப்பில் ஏற்றும் பொறுப்பை டீச்சரம்மா என் தலையில் கட்டிவிட்டார். வருவதெல்லாம் குவிந்து கிடக்கிறது. முதல் இரண்டு பத்தி படிக்கிறேன், சுவையாக இருந்தால் ஏற்றிவிடுகிறேன். வேறென்ன செய்ய?

கோபம் வேண்டாம். இரத்த அழுத்த மாத்திரை விடாமல் சாப்பிடுங்கள்.

உங்கள் மைத்துனன்

*

மார்ச் 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீயும் வீட்டாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். பதில் எழுதத் தாமதம். வேலை.

'வழிப்போக்கன்' என்று ஒரு புதிய உறுப்பினர் எழுதிய கட்டுரையை நீ போன வாரம் முகப்பில் ஏற்றியிருக்கிறாய். 'திரும்பாதே' என்ற சிறு நிறுவனமாம். இஸ்திரிப் பெட்டியின் பிளக்குக்கும் சுவருக்கும் நடுவே செருகும் ஒரு சின்னப் பெட்டி. சாவிக்கொத்தில் தொங்கும் பொத்தான் அளவு விளக்கு. தெருவில் போகும்போது இஸ்திரிப் பெட்டி அணைந்திருந்தால் பச்சை, போட்டிருந்தால் சிவப்பு. இதைச் செய்தவர் தையல் கடை மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறாராம். நீ சரிபார்த்துத்தான் ஏற்றியிருப்பாய் என்று நம்புகிறேன். அடியில் 'போய்ப் பார்த்தேன்' என்று இருக்கிறது. வாக்கெடுப்பு நேரத்தில் ஏதாவது வெளிவந்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

உன் அக்கா வழக்கம்போல மேசையில் வாசித்தாள். வழக்கம்போலச் சிரிக்கவில்லை. ஒரு இடத்தில் நிறுத்தி, திரும்ப அதையே வாசித்தாள். அதை இங்கே எழுதுகிறேன்: 'என் மனைவி திரும்பி வரும்போதெல்லாம் கேலி செய்திருக்கிறேன் என்றார் நிறுவனர். ஒரு நாள் மாடியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று, கைப்பிடியைப் பிடித்து, பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு ஏறினாள். இத்தனை வருஷம் அந்தத் திருப்பத்தில் அவள் நிற்பது எனக்குத் தெரியாது.'

"யாரோ ஒரு மனுஷன் எழுதியிருக்கான்" என்றாள்.

"சுமார்தான்" என்றேன்.

"உங்களுக்கு யாரு எழுதினாலும் சுமார்தான். இவன் என் தம்பியைவிட நல்லா எழுதறான். பொண்டாட்டியைக் கவனிச்சுப் பார்க்கறவன் கையில ஒரு தனி ருசி இருக்கு. நீங்களும்தான் இருக்கீங்க, ஒன்பது பாகம் மின்கலம்!"

எனக்கு அந்த வழிப்போக்கனைப் பிடிக்கவில்லை, மாப்பிள்ளை. நேற்று வந்த ஆள். இரண்டு பக்கம் எழுதிவிட்டு என் சாப்பாட்டு மேசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். அந்தத் திருப்பத்துப் பத்தியை மூன்று தடவையாவது அடித்துத் திருத்தித்தான் எழுதியிருப்பான். அவ்வளவு சுலபத்தில் வராது அது. ஆனாலும் பிடிக்கவில்லை.

நீ கவனமாக இரு. வெயிலில் அலையாதே.

அத்தான்

*

ஏப்ரல் 6

அத்தானுக்கு,

வணக்கம். உங்கள் முழங்காலும் மனசும் நலமாக இருக்க வேண்டும்.

மூன்று செய்தி. முதலாவது, அக்கா போன் செய்தாள். 'திரும்பாதே' கம்பெனியின் விலாசம் வேண்டுமாம். முதல் கருவி தனக்குத்தான் என்று சொல்லி வைக்கச் சொன்னாள். "அவருகிட்ட எத்தனை வருஷமா கேட்டேன்டா. யாரோ ஒருத்தன் செஞ்சே முடிச்சுட்டான்" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. சொல்லி வைக்கிறேன் என்றேன்.

இரண்டாவது, அவள் மட்டுமில்லை. வெளியே போகும்போது திரும்பி வருகிறவர்கள் உலகத்தில் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் விலாசம் கேட்கிறார்கள். 'கொசுறு' என்று ஒரு குறும்புக்காரர் இருக்கிறாரே, அவர் தன் மாமியாருக்கு இரண்டு வேண்டும் என்கிறார். 'கம்பெனிக் கட்டுரை முகப்பில் ஏன் இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே உதாரணம்' என்று உங்கள் தீர்மானத்துக்கு எதிராக இதைத்தான் காட்டுகிறார்கள்.

மூன்றாவது, வழிப்போக்கன் யாருக்கும் பதில் சொல்லவில்லை. கட்டுரையில் சொன்ன இடத்தைத் தேடிப் போனேன். தையல் கடை இருக்கிறது. மாடியில் தண்ணீர்த் தொட்டிதான் இருக்கிறது. டீச்சரம்மா என்னிடம், "அந்தச் சாட்சி நிஜம்தானே?" என்று கேட்டார். விசாரிக்கிறேன் என்றேன். பொய் என்றால் விதி இருக்கிறது. எழுதியவர் எந்தப் பெயரில் ஒளிந்திருந்தாலும், அவருடைய எல்லாப் பெயர்களிலும் உள்ள எல்லாமே போய்விடும். விதியை எழுதியவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு சின்ன விஷயம். முதலீடு செய்தது யார் என்று ஒரு வரி இல்லாமல், உள்ளே மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று அரைப் பக்கம் எழுதிய கம்பெனிக் கட்டுரையை என் வாழ்நாளில் இப்போதுதான் பார்க்கிறேன்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்
மைத்துனன்

*

ஏப்ரல் 12

மாப்பிள்ளைக்கு,

நலமே.

அந்தக் கம்பெனிக்காரரை எனக்குத் தெரியாது. ஆனால் அப்படி ஒரு கருவியைச் செய்து முடிக்க இரண்டு மாதம் பிடிக்கும் என்பது என் மதிப்பீடு. உன் அக்காவிடம் அப்படிச் சொல்லிவை. வாக்கெடுப்பை ஜூலைக்குத் தள்ளிவைக்கும்படி டீச்சரம்மாவிடம் பேசு. நீ பேசினால் கேட்பார். உன் பேச்சை எல்லோரும் கேட்கிறார்கள்.

எனக்குக் கடை வரை போக வேண்டும். ரிலே வாங்க வேண்டியிருக்கிறது. வேறு வேலைக்கு.

அத்தான்

*

மே 3

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லோரும் நலம். வாக்கெடுப்பு ஜூலைக்குத் தள்ளிப்போயிற்று.

இனிமேல் சுற்றி வளைக்கவில்லை. இரண்டாம் பத்தியிலேயே அது நீங்கள்தான் என்று தெரிந்துவிட்டது. என்னை மாட்டிவிடத்தான் எழுதினீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவேன், வாக்கெடுப்பு அன்று 'பாருங்கள், இல்லாத கம்பெனி' என்று எழுந்து நிற்கலாம் என்று. ஆனால் முதல் இரண்டு பத்தியோடு நான் நிறுத்தவில்லை, அத்தான். கடைசி வரை படித்தேன். தெரிந்தேதான் ஏற்றினேன்.

ஏன் என்று கேட்டால், ஆறு வருஷத்துக்கு முன் நீங்கள் எழுதிய கட்டுரையின் அடியில் போன வாரம் ஒருவர் 'செய்து பார்த்தேன்' என்று எழுதியிருக்கிறார். என் கட்டுரைகளை ஒரு வாரம் சிரித்துப் படிக்கிறார்கள். எட்டாம் நாள் செத்துப்போகின்றன. நானே போய்ப் பார்த்தேன் என்று நானே எழுதிக்கொள்கிறேன். என் எழுத்தை வைத்து யாரும் எதையும் செய்து பார்த்ததில்லை. நாலு வருஷமாக உங்கள் கட்டுரைகளின் அடிப்பகுதியைத்தான் நான் முதலில் படிக்கிறேன், வயிற்றெரிச்சலோடு. என் வயிற்று உபாதைக்குக் காரம் மட்டும் காரணமில்லை.

அன்று நீங்களே என் பக்கத்துக்கு வந்து எழுதியிருந்தீர்கள். என்னைவிட நன்றாக. அதைத் தூக்கிக் குப்பையில் போட என்னால் முடியவில்லை.

அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவள் வாரம் ஒரு முறை கேட்கிறாள்.

மைத்துனன்

*

ஜூலை 4

மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. கிடைத்தது. நான் நலம்.

கருவியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் மாதிரியை, கட்டுரையில் வழிப்போக்கன் எழுதியிருந்தபடியே செய்தேன். இஸ்திரிப் பெட்டிக்குள் மின்சாரம் ஓடுகிறதா என்று அளக்க வேண்டும். ஓடாவிட்டால் பச்சை. காகிதத்தில் அழகாக இருந்தது. செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது, எழுதியவன் மடையன் என்று. இஸ்திரிப் பெட்டி சூடேறியதும் தானாகவே மின்சாரத்தை நிறுத்திக்கொள்ளும். கொஞ்சம் ஆறியதும் மறுபடி எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் விளக்கு பச்சை காட்டுகிறது. ஸ்விட்ச் போட்டிருக்கிறது, பெட்டி கொதிக்கிறது, விளக்கு பச்சை! இதை நம்பி ஒருத்தி வேலைக்குப் போனால் வீடு எரியும்.

இரண்டாவது மாதிரியில் அளப்பதை விட்டுவிட்டேன். ஸ்விட்ச் போட்டிருந்தால் என் சின்னப் பெட்டிக்கு உயிர் வரும், கம்பியில்லாமலே விளக்குக்குச் சிவப்பு என்று சொல்லும். அணைத்தால் பேச்சு நிற்கும், விளக்கு பச்சைக்கு மாறும். இதைச் சோதிக்க உன் அக்காவின் இஸ்திரிப் பெட்டி வேண்டியிருந்தது.

"அந்தக் கம்பெனிக்காரன் செஞ்சதையா செய்யறீங்க?"

"அவன் தப்பாச் செஞ்சான். நான் சரியாச் செய்யறேன்."

"அவன் பாவம், ஒருத்தனா தனியாக் கஷ்டப்படறான். நீங்க போட்டிக்குப் போறீங்களே."

"போட்டின்னா போட்டிதான்."

விளக்கோடு தெருமுனைக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வந்தாள். "நான் வேணும்னே ஸ்விட்சைப் போட்டுட்டுத்தான் போனேன். பச்சைதான் காட்டுது" என்றாள். தூரம் அதிகமானால் சின்னப் பெட்டியின் குரல் எட்டவில்லை. எட்டாததை, அணைந்தது என்று விளக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. "பேசலைன்னா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தமா? நல்ல கண்டுபிடிப்பு!" என்றாள். நான் பெட்டியை மறுபடி பிரித்தேன்.

மூன்றாவது மாதிரியில் ஒரு சின்ன மின்கலம் வைத்தேன். குரலையும் தெருமுனை வரை எட்டும்படி கூட்டினேன். அணைந்திருந்தால் 'அணைந்திருக்கிறேன்' என்று அதுவே வாய் திறந்து சொல்ல வேண்டும். குரல் எட்டாவிட்டால் எந்த விளக்கும் எரியாது. மின்கலம் சீக்கிரம் சாகாமல் இருக்க ஒன்பதாம் பாகத்தில் உள்ள வழியைப் பயன்படுத்தினேன்.

போன திங்கள்கிழமை, இஸ்திரி போட்ட மேல்கோட்டோடு சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் மாடியில் நின்றேன். தெருமுனையில் விளக்கைத் தூக்கிப் பார்த்தாள். பஸ் வந்துகொண்டிருந்தது. அவள் திரும்பி நடந்தாள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றாள். ஏறி வந்தாள்.

"என்ன காட்டுச்சு?"

"பச்சை."

"அப்புறம் எதுக்கு வந்தே? நம்பலையா?"

"விளக்கை நம்பிட்டேன். 'புருஷன் மாடியில நின்னு பார்த்துக்கிட்டே இருந்தான்'னு ஒரு வழிப்போக்கன் எழுதியிருந்தான். அதைத்தான் நம்பல. கீழேர்ந்து பார்த்தா ஆள் நிக்கற மாதிரி தெரிஞ்சுது. கிட்ட வந்து பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள். பஸ் போய்விட்டிருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தப்பான கருவியை விளக்கும் கட்டுரை ஒன்று, 'போய்ப் பார்த்தேன்' என்ற சாட்சியோடு முகப்பில் கிடக்கிறது. எவனாவது அதைப் பார்த்துச் செய்தால் வீடு எரியும். வழிப்போக்கன் யார் என்று டீச்சரம்மாவுக்கு இன்று எழுதிவிட்டேன். விதிப்படி எல்லாவற்றையும் நீக்கச் சொல்லிவிட்டேன். உன் அக்கா சொன்னதற்காக இல்லை. உனக்காகவும் இல்லை. மின்சாரம் அளக்கும் பத்தி தப்பு, அதற்காக.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தான்

*

ஜூலை 19

அத்தான்,

நலம் விசாரிக்க நேரமில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள்? அந்த ஒரு கட்டுரையை மட்டும் எடுத்தால் போதும் என்று டீச்சரம்மா கெஞ்சுகிறார். கொசுறுகூடக் கேலி பேசாமல் உங்களை மன்னிக்கக் கோரி மனு ஒன்று எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்குகிறார். நீங்கள் 'விதி விதிதான்' என்று ஒற்றை வரி அனுப்பியிருக்கிறீர்கள். பதினொரு வருஷ எழுத்து! முதல் பாகத்தைச் சாட்சிக்கு எடுத்துச் செய்து பார்த்த பையன் இன்று சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான். அவன் அழாத குறை.

தெரிந்தே ஏற்றியவன் நான், என்னுடையதையும் நீக்குங்கள் என்று கேட்டேன். "விதி கட்டுரையை எழுதினவருக்குத்தான், ஏற்றினவருக்கு இல்லை" என்கிறார். நீங்கள் விதியை அப்படி எழுதி வைத்திருக்கிறீர்கள்.

வாக்கெடுப்பும் முடிந்தது. உங்கள் தீர்மானம் தோற்றது. எதிர்த்து வாக்களித்தவர்களில் பாதிப் பேர் காரணம் என்று எழுதியது வழிப்போக்கனைத்தான். கட்டுரை பொய் என்று தெரிந்த பிறகும்.

ஒரு வரி போடுங்கள். இன்னும் நிறுத்தலாம்.

மைத்துனன்

*

செப்டம்பர் 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நானும் உன் அக்காவும் நலம். முழங்கால் வழிக்கு வந்துவிட்டது. மாடி ஏறி இறங்குகிற வேலை எனக்கும் வந்துவிட்டதால் இருக்கலாம்.

நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. இந்நேரம் பார்த்திருப்பாய். என் பெயரைத் தட்டினால் வெற்றுப் பக்கம் வருகிறது. உன் பெயரைத் தட்டினால் சூட்கேஸ், லிஃப்ட், செருப்பில்லாத முதலாளி எல்லாம் முகப்பில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறார்கள். விதியில் ஏற்றுகிறவரையும் சேர்த்து எழுதாமல் விட்டது என் பிழை. அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

நீக்கப்பட்டவர் மறுபடி எழுதக் கூடாது என்று விதியில் இல்லை. முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். பழைய சாட்சிகள் செல்லாது, ஒவ்வொன்றுக்கும் புதிய கைச்சாட்சி வேண்டும். யாரைக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். உன் அக்கா, "கொண்டாங்க இப்படி" என்றாள். 'இரண்டாம்மாடி' என்று ஒரு பெயரில் சேர்ந்துவிட்டாள். மேசையில் சாப்பாட்டுத் தட்டு இருந்த இடத்தில் இப்போது மல்டிமீட்டர் இருக்கிறது. மேல்கோட்டை மாட்டிக்கொண்டுதான் உட்காருகிறாள். பல் பிடுங்கும் டாக்டர் மாதிரி இருக்கிறது.

'மின்கலம் ஏன் சாகிறது' முதல் பாகத்துக்கு அவள் எழுதிய சாட்சியைக் கீழே தருகிறேன்.

'செய்து பார்த்தேன். சரியாக வருகிறது. ஆனால் மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் நடுவில் கையுறை மாட்டச் சொல்ல மறந்துவிட்டார். பதினொரு வருஷமாக யாரும் சொல்லவில்லையா? இரண்டாம் பத்தியை எழுதும்போது இவருக்குப் பசி என்று நினைக்கிறேன், வார்த்தைகளை விழுங்கியிருக்கிறார். மற்றபடி நல்ல கட்டுரை. முன்பே படித்திருக்கலாம்.'

கையுறை எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதனால் எழுதவில்லை என்று சொன்னேன். "எனக்குத் தெரியாதே" என்றாள். திருத்திவிட்டேன்.

'திரும்பாதே' கருவிக்கு ஆட்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஏழு செய்து அனுப்பியிருக்கிறேன். கொசுறின் மாமியாருக்கு இரண்டு. தெருவில் கேட்பவர்களிடம் உன் அக்கா இதைக் கம்பெனி என்கிறாள். நான் மறுக்கிறேன். நீ வந்து பார்த்து எழுதுவதாக அவளிடம் சொன்னாயாம். வா. அறை எங்கள் வீட்டிலேயே மூன்றாம் மாடியில் இருக்கிறது, தையல் கடை மாடியில் இல்லை. முதலீடு செய்தவர் யார் என்று கேட்காதே. ரிலேயைப் பற்றி அரைப் பக்கமாவது இருக்க வேண்டும். கம்பெனிக் கட்டுரை பின்னறையில்தான் இருக்க வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. இதை மட்டும் முகப்பில் போடு.

ஒரு குறை. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். இரண்டாம் பாகம் போன வாரம் வந்தது. நல்ல கூட்டம். சந்தோஷமாகப் போய்ப் பார்த்தேன். எல்லோரும் நேராக அடியில் போய், இரண்டாம்மாடி இந்த முறை என்ன எழுதியிருக்கிறாள் என்று படித்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். கட்டுரையை ஒருவரும் படிப்பதில்லை.

உன் அத்தான்